கூட்டத்தில் கையைப் பிடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பள்ளி நாட்களிலிருந்தே ஹெவி மெட்டல் இசைப் பைத்தியம். நான் ஒரு கே, ஆண்களை விரும்புபவன். இது என் அக்காவுக்கும் இன்னொருவனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த இன்னொருவனோடு இசையைப் பற்றிப் பேசப்போய்த்தான் பழக்கம். இரண்டு வருடங்களாக நேசிக்கிறோம், ஆனால் வேறு வேறு ஊர். அடுத்த மாதம் மூன்று நாள் திறந்தவெளி இசைவிழாவில் சந்திப்பதாக டிக்கெட் எடுத்துவிட்டோம். இப்போது என் கல்லூரி நண்பர்கள் நான்கு பேரும் அதே விழாவுக்குக் கிளம்புகிறார்கள். எல்லோருக்கும் ஒரே டென்ட் என்று அவர்களே முடிவுசெய்தும் விட்டார்கள். கே என்ற சொல்லை அவர்கள் கெட்ட வார்த்தையாகத்தான் பயன்படுத்துவார்கள். இவனோ, ‘அத்தனை பெரிய கூட்டத்தில் யார் பார்க்கப்போகிறார்கள், கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்’ என்கிறான். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மெட்டல் கூட்டத்துக்கும் என்னைப் போன்றவனுக்கும் என்ன சம்பந்தம் என்றுகூடத் தோன்றுகிறது. டிக்கெட்டை விற்றுவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: விற்காதீர்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கடைசிச் சந்தேகம்தான். ஒரு மெட்டல் ரசிகர் இப்படிக் கேட்கலாமா? ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கறுப்புத் தோல் சட்டையும் இரும்புக் குமிழ்களும் மெட்டல் ரசிகர்களின் சீருடையாக மாறியதற்கு அவரைவிடப் பெரிய காரணம் யாரும் இல்லை. தான் கே என்று அவர் 1998இல் தொலைக்காட்சியில் சொன்னார். 2003இல் பழைய குழுவுக்குத் திரும்பினார், இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார். ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை. உங்களைக் கிண்டல் செய்யும் நண்பர்களில் ஒருவராவது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவார், பாருங்கள்.

அதற்காக உங்கள் பயம் வீண் என்று சொல்ல வரவில்லை. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ராக் ரசிகர்கள் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் புகுந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோ கறுப்பினத்தவரும் கேக்களும் ஆடிய இசை என்பதை மறந்துவிட்டு அந்த இரவைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே சிகாகோவில், பெரும்பாலும் கறுப்பின கே இளைஞர்கள் ஆடிய ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பில் டி.ஜே. ஃபிராங்கி நக்கிள்ஸ் போட்ட இசையிலிருந்துதான் ‘ஹவுஸ்’ என்ற நடன இசை பிறந்தது. இன்றைய விழாக்களில் விடியவிடிய ஆடுகிறார்களே, அதன் அடிநாதம் அதுதான். ஆகவே, யாருடைய வீட்டுக்கோ அழைக்காமல் போகிறோமே என்ற கூச்சம் உங்களுக்கு வேண்டாம்.

இனி அந்தக் கை விஷயம். ‘யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று உங்கள் காதலர் சொல்வது பாதி சரி. கூட்டத்தில் மனிதர்கள் மேடையைத்தான் பார்ப்பார்கள். கூட்டத்தைப் பார்ப்பது கேமரா. மேடையோரத்தில் நீளக்கையோடு ஆடும் கேமரா, தலைக்கு மேலே டிரோன், இரண்டு பக்கமும் ராட்சதத் திரை, கூடவே நேரலை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: உங்களைப் படமெடுக்கச் சம்மதம் தந்திருப்பதாகப் பெரும்பாலும் எழுதியிருக்கும். அதிகம் படமாவது தடுப்புக் கம்பியை ஒட்டிய முன்வரிசைகள்தான். எனவே அவரோடு நிற்கும்போது முன்வரிசை ஆசையை விடுங்கள். மைதானத்தின் நடுவில் சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருக்கும் கூண்டு இருக்கும். அதன் அருகே நில்லுங்கள். அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார், அதனால் மைதானத்திலேயே இசை நன்றாகக் கேட்கும் இடம் அதுதான். நெரிசல் குறைவு. கூண்டைச் சுற்றித் தடுப்பும் காவலரும் இருப்பார்கள். ஏதாவது என்றால் பக்கவாட்டில் நழுவிவிடலாம். முன்வரிசையில் நண்பர்களோடு முட்டி மோத வேண்டுமா, அதற்கு வேறொரு குழுவின் நேரத்தை ஒதுக்குங்கள்.

விழா எந்த நாட்டில் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள். 2017 செப்டம்பரில் எகிப்தின் கெய்ரோவில், மஷ்ரூ லைலா என்ற லெபனான் இசைக்குழுவின் கச்சேரியில் சிலர் கேக்களின் அடையாளமான வானவில் கொடியை உயர்த்தினார்கள். அந்தப் படங்கள் பரவியதும் கைதுகள் தொடங்கின. கொடி பிடித்தவர்களில் ஒருவரான சாரா ஹெகாசி சுமார் மூன்று மாதம் சிறையில் இருந்தார். மேடையிலிருந்து தொடங்கிய விபரீதமும் உண்டு. 2023 ஜூலையில் மலேசியாவின் குட் வைப்ஸ் விழாவில், ‘தி 1975’ என்ற பிரிட்டிஷ் குழுவின் பாடகர், ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கும் அந்நாட்டுச் சட்டத்தைத் திட்டிவிட்டு, தன்னைப் போலவே ஆணான பேஸ் கிட்டார்காரருக்கு முத்தம் கொடுத்தார். மறுநாளே மீதி விழாவை அரசு ரத்து செய்தது. குழு விமானம் ஏறிப் போய்விட்டது; உள்ளூர் கேக்கள் பலர், எங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டுப் போய்விட்டார்களே என்று நொந்துகொண்டார்கள். துணிச்சல் யாருடையது, அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதைக் கேட்டுக்கொள்ளாமல் கொடியையும் தூக்க வேண்டாம், கையையும் நீட்ட வேண்டாம்.

சட்டம் தொல்லை தராத இடமென்றால், பிரச்சினை உங்கள் இருவருக்குள்தான். நீங்கள் பயத்தில் கையை விலக்குவீர்கள். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்வார். விழாவின் நடுவே, ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கும்போது இதை விளக்க முடியாது. இப்போதே போனில் பேசிவிடுங்கள். பகலில் இல்லை, இருட்டிய பிறகு, அந்தக் கூண்டுக்கு அருகே என்றால் சரி என்று ஓர் உடன்பாடு போதும். நெரிசலில் நெட்வொர்க் படுத்துவிடும், சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும்கூட முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

டென்ட் எளிது. தனி டென்ட் எடுங்கள். ‘குறட்டைக்கு நடுவே மூன்று ராத்திரி என்னால் முடியாது’ என்றால் எந்த நண்பனும் மேற்கொண்டு கேட்க மாட்டான். அதில் பொய்யும் இருக்காது, நால்வரில் ஒருவராவது விடாமலா இருப்பார்? இவரை ‘மெட்டல் பேசிப் பழக்கமானவர்’ என்று அறிமுகம் செய்யுங்கள். அதுவும் உண்மைதானே.

நண்பர்களிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. சொல்வதானால் விழாவில் வேண்டாம். தூக்கமில்லை, போதை இருக்கும், கசந்துபோனால் விலகிப்போக இடமும் கிடையாது. அதே வண்டியில்தான் திரும்ப வேண்டும். (திரும்பும் வழியை மட்டும் தனியாக யோசித்து வையுங்கள்.) மனசு கேட்கவில்லை என்றால் போவதற்கு முன்பே ஒருவரிடம் சொல்லுங்கள். கிண்டல் குறைவாகச் செய்பவரைத் தேடாதீர்கள். வேறொருவரின் ரகசியத்தை இதுவரை உங்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர் யாரென்று பாருங்கள். படங்களை இணையத்தில் ஏற்றுமுன் ‘இது வேண்டாம்டா’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலே உங்கள் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

யாராவது வம்புக்கு வந்தால் நின்று வாதாடாதீர்கள். கூட்டத்தை எதிர்த்துப் பின்னால் போகாமல் பக்கவாட்டில் வெளியேறி, காவலரிடமோ மருத்துவக் கூடாரத்திலோ ‘ஒருவர் தொந்தரவு செய்கிறார்’ என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் யார் என்று அங்கே விளக்க வேண்டியதில்லை.

கேட்காத இன்னொன்று: இயர்பிளக் வாங்குங்கள். 100 டெசிபலில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. என் இடது காதில் எந்நேரமும் ஒரு வண்டு ரீங்கரிக்கிறது. வயது அதற்குக் காரணம் இல்லை.

அந்த வண்டு காதில் புகுந்த விழாவைச் சொல்கிறேன். அப்போது எனக்கு வயது 24. பக்கத்தில் நின்றவர் யார் என்பதை இந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். கைகூடப் பிடிக்கவில்லை, தோள்தான் உரசிக்கொண்டிருந்தது. கடைசிக் குழு மேடையேறியதிலிருந்து இறங்கும்வரை, யார் எங்களைப் பார்க்கிறார்கள் என்று இடமும் வலமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பும்போது அவர் கேட்டார்: ‘கடைசியா என்ன பாட்டு பாடினாங்க, சொல்லு?’ எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

போய்வந்து எழுதுங்கள், கடைசிப் பாட்டு எதுவென்று.