கப்பல் எண் கிடைத்தது, அக்காவைக் காணோம்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வீடு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். ஒரு கம்பெனி பர்சரிக்காக, அதாவது படிப்பு உதவித்தொகைக்காக, என் பின்னணி, மதிக்கும் விஷயங்கள், லட்சியம் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த முப்பாட்டனாரின் கப்பல் பட்டியல் எண்ணைக்கூடத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறேன். பிறகு உழைப்பு, குடும்பப் பாசம், இன்ஜினீயராக இன்ஜினீயரிங் கவுன்சிலில் பதிவு, அப்புறம் ஆஸ்திரேலியா போவது. இது போதுமா? எனக்குத் தமிழ் எழுத வராது. சூப்பர்மார்க்கெட் வேலை முடிந்து வந்த அக்கா, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். மேட்ரிக்கில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், கணக்கில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவள். என் டாக்ஸி காசும் அவள்தான் தருகிறாள்.

பதில்: தம்பி, இப்படி எத்தனையோ பக்கங்களைப் படித்துவிட்டேன். எல்லாமே 1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த முதல் கப்பலான ட்ரூரோவோடு டர்பனில் வந்து இறங்கும். மாதம் 10 ஷில்லிங் கூலி, 5 வருஷ ஒப்பந்தம், மேஸ்திரியான சர்தாரின் அடி. பொய்யில்லை. ஆனால் பர்சரி கேட்பது நீதான், முப்பாட்டனார் இல்லையே!

உன் கேள்வியின் கடைசி மூன்று வரிகளை அக்கா கையாலேயே எழுத வைத்திருக்கிறாய். பகலெல்லாம் கல்லாவில் இருந்துவிட்டு வந்த பெண், தன்னைப் பற்றியே "என்னைவிட அதிக மார்க் வாங்கியவள்" என்று நீ சொல்ல எழுதுகிறாள். எழுத்து கோணவே இல்லை. தமிழ்ப் பள்ளிக்கு அவள் போயிருக்கிறாள், நீ பந்தாடப் போயிருப்பாய். நூறு வருஷத்துக்கு முந்தைய எண்ணைத் தேடிப் பிடித்தவனுக்கு, அடுத்த அறையில் இருப்பவள் ஏன் படிப்பை விட்டாள் என்று கேட்க நேரமில்லை. குடும்பப் பாசமாம்!

தம்பி படிக்க அக்கா படிப்பை நிறுத்திக்கொள்வதை நம் வீடுகளில் தியாகம் என்கிறார்கள். நான் அதைக் கடன் என்பேன். வட்டியோடு திருப்ப வேண்டிய கடன்.

ஆஸ்திரேலியாவை அடித்துவிடு. எத்தனை வருஷம் பணம் தருகிறார்களோ அத்தனை வருஷம் அங்கேயே வேலை செய் என்பதுதான் கம்பெனி பர்சரிகளின் வழக்கம். பணம் கொடுப்பவனிடமே வெளிநாட்டுக்கு ஓடிப்போவேன் என்று எழுதுவார்களா? கவுன்சில் பதிவு எல்லோரும் எழுதுவது. இருந்துவிட்டுப் போகட்டும்.

எம்.எல். சுல்தானைப் போட்டாயா? ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவர் பெருந்தொகை கொடுத்து உருவான கல்லூரிதான் 2002-ல் இன்னொன்றோடு இணைந்து நீ படிக்கும் இடமாயிற்று. சம்பாதித்ததை யார் படிப்புக்குக் கொடுத்தார் என்று பார்.

பின்னணி என்ற இடத்தில் அக்காவின் கல்லாவை எழுது, டாக்ஸி காசை எழுது. லட்சியத்தின் முதல் வரியில் அவள் படிப்பு வரட்டும். எழுதினால் மட்டும் போதாது. தொலைதூரக் கல்வி தரும் யூனிசா பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம், அடுத்த சேர்க்கைக்கு அவள் விண்ணப்பத்தை நீ நிரப்பு. அப்புறம் சனி ஞாயிறு நீ ஒரு கடையில் வேலை தேடு, உன் டாக்ஸிக்கு நீயே கொடு.

தம்பிக்காக எழுதிய பெண்ணே, இதை அவனுக்கு நீதான் வாசித்துக் காட்டுகிறாய். திட்டிய இடங்களைத் தாண்டிப் போயிருப்பாய், தெரியும். முதலிலிருந்து மறுபடி வாசி.