டி.எஸ்.எச். 6.8: மாத்திரை தொடங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, எடை 68 கிலோ. ஆறு மாதமாக ஓயாத அசதி, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், மாதவிலக்கில் உதிரப்போக்கும் அதிகம். காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தபோது டி.எஸ்.எச். 6.8, டி3, டி4 நார்மல். மூன்று வாரம் கழித்து அலுவலக முகாமில் மாலை 4 மணிக்கு எடுத்ததில் 4.9. இடையில் முடிக்காக 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை ஆரம்பித்தேன். ஒரு டாக்டர் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் 'ஒன்றுமில்லை, போங்கள்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முடிவெடுக்கப் போதுமான ரிப்போர்ட்டே இன்னும் உங்கள் கையில் இல்லை.

டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன். தைராய்டு சுரக்கும் டி3, டி4 குறைந்தால் அது ஏறும். 6.8 இறங்கி 4.9 ஆகிவிட்டது என்று நம்ப வேண்டாம். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும், பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். சாப்பிட்ட பிறகும் சற்று இறங்கும். அதனால் காலை 7 மணி எண்ணையும் மாலை 4 மணி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. போதாததற்கு பயோட்டின் வேறு. பல லேப்களில் உள்ள கருவிகள் பரிசோதனை முறையிலேயே பயோட்டினைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், டி4 உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். நீங்கள் விழுங்குவது 10,000. ஆக, அந்த 4.9-ஐக் கணக்கிலேயே சேர்க்க முடியாது.

முதல் பரிசோதனை நடந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் மறுபடி எடுங்கள். அதே லேப், அதே காலை நேரம், வெறும் வயிறு. மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருந்தால் இன்னும் சில வாரம் தள்ளிப்போடுங்கள். உடம்பு தேறும் காலத்தில் டி.எஸ்.எச். தற்காலிகமாக ஏறும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரும் டோம்பெரிடோன், மனநலத்துக்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் ஆகியவையும் அதை ஏற்றும். இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த அளவு லேசான ஏற்றம் பலருக்குச் சிகிச்சை எதுவும் இல்லாமலே மறுபரிசோதனையில் இறங்கியிருக்கும். காத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

லேபில் 'தைராய்டு ப்ரொஃபைல்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் மொத்த டி3, மொத்த டி4, டி.எஸ்.எச். மூன்றையும் பார்த்துத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் டி4), ஆன்ட்டி-டி.பி.ஓ. என்ற மூன்று. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மொத்த டி4 கூடித் தெரியும். ஃப்ரீ டி4-ஐ நம்பலாம். டி3 இங்கே உதவாது, தைராய்டு சோர்வில் அது கடைசியாகத்தான் குறையும். கழுத்தில் கட்டியோ வீக்கமோ கைக்குத் தட்டுப்படாதவரை ஸ்கேனும் வேண்டாம்.

ஆன்ட்டி-டி.பி.ஓ. ஏன் முக்கியம்? அது தைராய்டுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள். சுரப்பியை உடலின் எதிர்ப்பு சக்தியே தாக்குகிறதா என்பதை அது காட்டும். இங்கிலாந்தின் விக்கம் பகுதி மக்களை 20 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், டி.எஸ்.எச். கூடியும் எதிர்ப்பொருள் இருந்தும் காணப்பட்ட பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேருக்கு முழுமையான தைராய்டு குறைபாடு வந்தது. டி.எஸ்.எச். மட்டும் கூடியிருந்தவர்களில் அது 2.6 சதவீதம். ஒருமுறை பார்த்தால் போதும், ஒவ்வொரு தடவையும் இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அதே ரத்தத்திலேயே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), பி12, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) நான்கையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது 6.8 அல்ல, உதிரப்போக்குதான். ஹீமோகுளோபின் 12-க்கு மேலே இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போயிருக்கலாம். அதுவே அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் காரணமாகலாம். சைவ உணவுக்காரர் என்றால் பி12 குறைவதும் சகஜம். இரும்புச்சத்துக் குறையை அப்படியே விட்டுவிட்டுத் தைராய்டு மாத்திரையை மட்டும் விழுங்கினால் அசதி இருந்த இடத்திலேயே இருக்கும். உதிரப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரையும் தனியாகப் பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் உண்டா, மனம் சோர்ந்து கிடக்கிறதா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுபரிசோதனையில் ஃப்ரீ டி4 குறைந்திருந்தாலோ, டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டியிருந்தாலோ மாத்திரை தொடங்குவதே சரி. ஃப்ரீ டி4 குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாமல் இருந்தால் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம். உடனே ஹார்மோன் நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் போக வேண்டும், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் அதற்கெனத் துறை உண்டு. டி.எஸ்.எச். நார்மலுக்கு வந்துவிட்டால் மாத்திரை பேச்சே வேண்டாம். எதிர்ப்பொருள் இருப்பவர்கள் மட்டும் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடியும் 6, 7 என்றே வந்து, மற்றக் குறைகளைச் சரிசெய்த பிறகும் அசதி நீங்கவில்லையா? அப்போது மாத்திரையைச் சோதனையாகத் தொடங்கிப் பார்க்கலாம். எழுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இது நியாயமான வழி, ஆனால் கெடு வைத்துத் தொடங்க வேண்டும். அளவு 25 முதல் 50 மைக்ரோகிராம். ஆரம்பிக்கும் முன்பே உங்களை வாட்டும் மூன்று தொல்லைகளைப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். ரத்தத்தில் பாதி குறையவே இந்த மருந்துக்கு ஒரு வாரம் ஆகும், ஆகவே 6 முதல் 8 வாரத்துக்கு முன் டி.எஸ்.எச். பார்ப்பது வீண். அது நார்மலுக்கு வந்து மூன்று நான்கு மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் அசையவே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். பலர் இந்தக் கெடு இல்லாமல் தொடங்கி, எதற்கென்றே தெரியாமல் பத்து வருஷம் சாப்பிடுகிறார்கள். எடையைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எடை கூடுவதாலேயே டி.எஸ்.எச். சற்று ஏறுவதும் உண்டு.

சாப்பிடும் முறை தப்பினால் மருந்து வேலை செய்யாது. எழுந்ததும் வெறும் தண்ணீரோடு மாத்திரை, பிறகு ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். ஃபில்டர் காபியோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறையும். ராகிக் கஞ்சியும் பாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகே. இரும்பு, கால்சியம், ஜெலுசில் போன்றவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி. புட்டியை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். கோஸ், காலிஃபிளவரை வேகவைத்து வழக்கமான அளவு சாப்பிடலாம். அயோடின் உப்பு போதும், கடற்பாசி மாத்திரை வேண்டவே வேண்டாம். அயோடின் மிகுந்தாலும் சுரப்பி கெடும்.

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. டி.எஸ்.எச். 6.4, ஃப்ரீ டி4 நார்மல். கால் வலி, அசதி என்கிறார். மாத்திரை கொடுக்கலாமா?
— வாசகர், கே.ஆர். புரம்

பதில்: வேண்டாம். வயதாக ஆக டி.எஸ்.எச். தானாகவே சற்று ஏறும். இந்த வயதில் 6.4 நோயாகாது. 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசமில்லை. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். கால் வலிக்கு வைட்டமின் டி, பி12, சர்க்கரை, மூட்டு ஆகியவற்றைப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி எடுத்தால் போதும்.

கேள்வி: வயது 30. குழந்தைக்கு முயல்கிறோம். டி.எஸ்.எச். 4.8, ஆன்ட்டி-டி.பி.ஓ. பாசிட்டிவ். அசதி எதுவும் இல்லை. நானும் பொறுத்துப் பார்க்கலாமா?
— வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: நீங்கள் பொறுக்க வேண்டாம். முதல் சில மாதங்களில் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது, எதிர்ப்பொருள் உள்ள சுரப்பி அந்தக் கூடுதல் தேவைக்கு ஈடுகொடுக்கத் திணறும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பொதுவாக 25 அல்லது 50 மைக்ரோகிராம் தொடங்கி டி.எஸ்.எச்.-ஐ 2.5-க்குக் கீழே கொண்டுவருவார்கள். கர்ப்பம் தெரிந்த அன்றே அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்: வாரம் ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்பது வழக்கமான முறை. எப்போது, எப்படிக் கூட்டுவது என்பதை இப்போதே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அப்பாயின்ட்மென்ட்டுக்காக இரண்டு வாரம் வீணாக்க வேண்டியிராது. பாதிக் கர்ப்பகாலம்வரை நான்கு வாரத்துக்கொருமுறை டி.எஸ்.எச்., பிறகு 30-ஆம் வாரத்தையொட்டி ஒருமுறை. கர்ப்பத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளைக் காலையில் சேர்த்து விழுங்காமல் மதியத்துக்கும் இரவுக்கும் தள்ளிவிடுங்கள்.