குக்கர் வெயிட்டும் கராஜ் பீரும்

கேள்வி: கராஜில் பிளாஸ்டிக் வாளியில் 23 லிட்டர் பீர் போடுகிறேன். கோடையில் லாகர் (குளிரில் நொதிக்க வைக்கும் பீர் வகை) போட்டால் வாழைப்பழ வாசனை அடிக்கிறது. அழுத்தத்தில் நொதிக்க வைத்தால் ஃபிரிட்ஜே வேண்டாம் என்கிறார் நண்பர். உண்மையா? வெடித்துவிடாதா?
- வாசகர், அடிலெய்டு

பதில்: நண்பர் சொன்னது முக்கால் உண்மை. அந்த வாழைப்பழ வாசனைக்குக் காரணம், சூட்டில் ஈஸ்ட் அதிகமாக உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற பழ வாசனைச் சேர்மங்கள். அழுத்தம் கொடுத்தால் அது குறையும். 12 டிகிரியில் வைக்க வேண்டிய லாகர் ஈஸ்டை 18, 20 டிகிரியில் வைத்தும் சுத்தமான ருசி எடுக்கலாம். நான் 34/70 என்ற லாகர் ஈஸ்ட் ரகத்தில் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் உங்கள் ஊர் ஜனவரியில் 35 டிகிரி தொடும் கராஜில் இது பலிக்காது. வீட்டுக்குள் குளிர்ந்த மூலை ஒன்றைத் தேடுங்கள்.

வாளியை இதற்குத் தொடவே வேண்டாம், கண்ணாடி ஜாடியையும்தான். அழுத்தம் தாங்கும் என்று எழுதியே விற்கிற பெட் (PET) பிளாஸ்டிக் கலம் அல்லது எஃகு கெக் (பீர் பீப்பாய்) வாங்குங்கள். கூடவே ஸ்பண்டிங் வால்வு. நம் குக்கர் வெயிட் செய்கிற வேலைதான் இதற்கும்: நொதிக்கும்போது வரும் வாயு உள்ளே சேர்ந்து அழுத்தம் வைத்த அளவு தாண்டினால் அதை வெளியே விடும். மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு, குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி. அதை அடைப்பதோ மாற்றுவதோ கூடாது. நமக்கு வேண்டியது 10 முதல் 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). அடுப்பில் இருக்கும் குக்கரே 15 வரை போகும், பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் தண்ணீர் ஊற்றி ஒத்திகை பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து 10 பிஎஸ்ஐ ஏற்றி, மூடி ரப்பர் வளையத்திலும் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. அதே அழுத்தத்தில் ஸ்பண்டிங் வால்வை மெல்லத் திருப்பி, லேசாகச் சீறத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெட் கலத்தைக் கொதிநீரில் கழுவாதீர்கள், உருக்குலைந்துவிடும்.

என் முதல் தடவை கதை இது. 30 லிட்டர் கலத்தில் பேராசைப்பட்டு 27 லிட்டர் ஊற்றினேன். இரவோடு இரவாக நுரை ஏறி ஸ்பண்டிங் வால்வுக்குள் புகுந்து, காய்ந்த தோசைமாவு போல அடைத்துவிட்டது. விடியற்காலை கராஜில் புஸ்ஸென்று சத்தம். சீறிக்கொண்டிருந்தது பாதுகாப்பு வால்வு! அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து 30-க்கு 23 லிட்டர்தான். முதல் நாள் வால்வைத் திறந்தே வைத்து, நுரை அடங்கும் போக்கைப் பார்த்து அப்புறம்தான் அழுத்தம் ஏற்றுகிறேன்.

நடுவில் ஹாப்ஸ் (பீருக்கு மணமும் கசப்பும் தரும் பூ) போட ஆசை வந்தால் படாரென்று மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தை மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அவசரப்பட்டால் பாதி பீர் கூரையில்தான் இருக்கும்.