பாரிசுக்குத் திரும்ப வேண்டாம்

12 நாள் ஐரோப்பியப் பயணத் திட்டத்தை அனுப்பி, ஒரு நாள் போதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பாரிஸ், இன்டர்லாக்கன் (சுவிட்சர்லாந்து மலையூர்), வெனிஸ், வியன்னா, பிராக் என்ற உங்கள் வரிசை சரி. கடைசியில் மறுபடி பாரிஸ் என்பதை மட்டும் வெட்டிவிடுங்கள். 12 நாளில் உங்களுக்கு ஒரு நாள் குறைவது அங்கேதான். பாரிசில் இறங்கி, பிராகிலிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள்.

போக-வர டிக்கெட் மட்டும் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விமானத் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று ஒரு தேர்வு இருக்கும்; ஓர் ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து திரும்ப அதுதான் வழி. அதில் அதே தேதிகளைப் போட்டுப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும், பிராக்–பாரிஸ் செலவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நவம்பர் 15இல் கிளம்புவதாகச் சொல்கிறீர்கள். முடிந்தால் ஐந்தாறு நாள் தள்ளுங்கள். வியன்னா நகர மண்டபத்துக் கிறிஸ்துமஸ் சந்தை நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும்; பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் மாதக் கடைசியில்தான். தள்ளிப் போனால் இரண்டையும் பார்க்கலாம்.

இன்டர்லாக்கனில் மூன்று இரவு அதிகம், இரண்டு போதும். நவம்பரில் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். பனிமலைக்கு ஏறும் யுங்ஃபிராவ் ரயில் ஓடும். ஆனால் மேகம் மூடினால் அவ்வளவு பணமும் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான். காலையில் மலையுச்சி நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

வெனிசில் இது வெள்ள மாதம். ஸ்டேஷன் பக்கமே அறை எடுங்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு பாலம் ஏற வேண்டாம்.

அப்புறம் ஒன்று: ஷெங்கன் விசாவை (இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விசா) அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும்; நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். இரவுகளை மாற்றினால் அதையும் மறுபடி எண்ணிப் பாருங்கள்.