மணி அடிக்குது, குரல் மட்டும் கேக்குதில்லை

கேள்வி: வெள்ளவத்தையில கடல் பக்கமா ஒரு மூண்டு மாடி வீட்டில மேல் மாடியில இருக்கிறம், கேற்றில எங்களுக்கெண்டு தனி இன்டர்கொம் செட். பகல்ல அம்மா தனிய. ஆராவது பெல் அடிச்சா மொனிட்டர்ல முகம் வடிவாத் தெரியுது, ஆனா அவை கதைக்கிறது "ர்ர்ர்" எண்ட இரைச்சலுக்குள்ள அமுங்கிப் போகுது. மழை எண்டா இன்னும் மோசம். பாக்க வந்த தம்பி முழு செட்டையும் மாத்தச் சொல்லுறார். மாத்தத்தான் வேணுமா?
வாசகி, கொழும்பு 6

பதில்: இப்பவே மாத்தாதேங்கோ அக்கா. வீட்டுக்குள்ள தொங்குற மொனிட்டருக்கு மழை படாது, அப்ப மழைக்கு இரைச்சல் கூடுதெண்டா சந்தேகம் முதல்ல கீழ கேற்றடியிலதான். ரெண்டாவது, படம் சுத்தமா வருது எண்டு சொல்லுறீங்கள். உங்கட செட் பழைய நாலு வயர் வகையா இருந்தா கரண்டுக்கு ஒண்டு, கிரவுண்டுக்கு (கரண்ட் திரும்பிப் போற வயர்) ஒண்டு, படத்துக்கு ஒண்டு, சத்தத்துக்கு ஒண்டு எண்டு போகும். கிரவுண்ட் வயர் கழண்டிருந்தாலோ பவர் சப்ளை பழுதாகியிருந்தாலோ படத்திலயும் கோடு கோடா ஓடுறதுதான் வழக்கம். அது இல்லையெண்டா சத்த வயரின்ர பூட்டு (வயரோட வயர் சேர்ற இடம்), இல்லாட்டி கேற்றில இருக்கிற மைக், இந்த ரெண்டையும்தான் முதல் பாக்கோணும்.

கடல் உப்புக்காத்து செம்பு வயரைச் சும்மா விடாது. வெறும் கையால முறுக்கி டேப் சுத்தின பூட்டை அவிட்டுப் பாருங்கோ, பச்சை பூத்திருக்கும். அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சுபோட்டு மினுங்கிற செம்பு தெரியிற இடத்தில இருந்து திருப்பிப் பூட்டோணும், ரெலிபோன் வயர் பூட்டுற ஜெல் நிரப்பின கனெக்டர் போட்டா ஈரம் உள்ள போகாது. டேப் மட்டும் எண்டா அடுத்த மழைக்கு அதே கதைதான். மைக் ஓட்டை கேற் யூனிட்டில அனேகமாக் கீழ்ப்பக்கம் ஊசி முனை அளவில இருக்கும், தூசி, குளவி மண், பெயின்ட் எல்லாம் அதை அடைக்கும். ஓட்டைக்குள்ள ஊசி விடாதேங்கோ, உள்ள இருக்கிற மைக்கின்ர மெல்லிய சவ்வு கிழிஞ்சு போகும், யூனிட்டைக் கழட்டி மெல்லிய பிரஷ்ஷால துடைக்கிறதுதான் சரி.

இவ்வளவும் செய்தும் இரைஞ்சா, வந்த தம்பியிட்ட ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கோ. கேற் யூனிட்டை மேல கொண்டு வந்து, அடுத்த அறைக்கு எட்டுற அளவு புது வயரில மொனிட்டரோட நேர பூட்டிக் கதைச்சுப் பாக்கட்டும் (ரெண்டையும் ஒரே மேசையில வச்சா கீ எண்டு கத்தும், அது பழுதில்லை). அப்ப குரல் தெளிவா வந்தா மெஷின் ரெண்டும் நல்லம், இடையில ஓடுற வயர்தான் பிழை. இந்தச் சோதனை செய்யாம முழு செட்டையும் மாத்தச் சொல்லுறது நியாயமே இல்லை, வயர்தான் பிழையெண்டா புது செட்டையும் அதே பழைய வயரில பூட்டினா அதே இரைச்சல்தான் வரும், காசும் போகும்.

வயர் போற வழியையும் கவனியுங்கோ. எங்கட வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதின்ர வயரோட ஒரே குழாய்க்குள்ள இன்டர்கொம் வயரையும் விட்டிருந்தா அந்த 50 ஹேர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில "ர்ர்ர்" எண்டு வரும், பாதுகாப்புக்கும் அது சரியில்லை, ரெண்டையும் பிரிக்கோணும். கரண்ட் வயரைக் குறுக்க தாண்டோணும் எண்டா கூட்டல் குறி மாதிரி நேர்க்குறுக்காத் தாண்டலாம். ஷீல்ட் வயர் (மேல உலோக வலை சுத்தின வயர்) போட்டா ஷீல்டை ஒரு முனையில மட்டும் கிரவுண்ட் பண்ணுங்கோ. நெட்வேர்க் கேபிள் எண்டா சத்த வயரை கிரவுண்ட் வயரோட ஒரே முறுக்குச் சோடியில (ரெண்டு ரெண்டா முறுக்கின வயரில ஒரு சோடி) விடுங்கோ, படத்து வயரோட சேத்தா அதின்ர இரைச்சலும் சத்தத்துக்குள்ள வந்திடும்.

பவர் சப்ளையில சந்தேகம் எண்டா, 2022 கரண்ட் கட் காலத்தில கனபேர் ரவுட்டருக்கு வாங்கின சின்ன யூபிஎஸ் அலுமாரிக்குள்ள கிடக்கும் தானே, அதை எடுங்கோ. உங்கட செட் வெளி அடாப்டரில ஓடுற 12 வோல்ட் செட்டா, யூபிஎஸ் அந்தளவு அம்பியர் குடுக்குமா எண்டு லேபிளைப் பாத்து, ப்ளஸ் மைனஸ் மாறாமப் பூட்டி, யூபிஎஸ்ஸின்ர சுவர் ப்ளக்கைக் கழட்டிவிட்டு அதின்ர பற்றரியில மட்டும் ஓட்டிப் பாருங்கோ, இரைச்சல் நிண்டா அடாப்டரை மட்டும் மாத்தினாக் காணும். மொனிட்டருக்குள்ள நேர 230 வோல்ட் போற மொடல் எண்டா நீங்களாத் திறக்கவே வேண்டாம்.

அது சரியாகிற வரைக்கும், குரல் விளங்காட்டி கதவு திறக்க வேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லி வையுங்கோ. முகம் தெரியுது தானே எண்டு திறக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.

கேள்வி: கேற் தூணுக்குப் புதுசா பெட்டி அடிச்சு பெல் யூனிட்டை உள்ள வச்ச நாளில இருந்து கதைக்கத் தொடங்கினாலே "கீ" எண்டு கத்துது. செட் புதுசு.
வாசகர், தெஹிவளை

பதில்: ஸ்பீக்கர் சத்தம் பெட்டிக்குள்ள அடிபட்டுத் திரும்பி மைக்குக்குள்ளயே போகுது. யூனிட்டின்ர முகம் பெட்டியின்ர முன்விளிம்போட சமனா வரட்டும், பின்னால இருக்கிற இடைவெளியை ஸ்பொஞ்சால அடையுங்கோ. மைக்கைச் சுத்தி ரப்பர் வளையம் இருக்கோணும், பூட்டேக்க கழண்டிருக்கலாம். பிறகும் கத்தினா யூனிட்டின்ர பின்பக்கம் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன ஸ்க்ரூ ஒண்டு அனேகமா இருக்கும், அதை மெல்லிய ஸ்க்ரூட்ரைவரால கொஞ்சம் கொஞ்சமாக் குறையுங்கோ, ஒரேயடியாத் திருப்பினா வெளியில நிக்கிறவைக்கு ஒண்டுமே கேக்காமப் போகும்.

கேள்வி: வெளியில கதைக்கிறது எங்களுக்குக் கேக்குது, நாங்கள் ரிசீவரில கதைக்கிறது அவைக்குக் கேக்குதில்லை.
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பெல் அழுத்தேக்க கேற் யூனிட்டில "டிங்" எண்டு கேக்குதா? கேட்டா அங்க ஸ்பீக்கர் நல்லம், பிழை உங்கட ரிசீவரில. சுருள் வயரை ஆட்டி ஆட்டிக் கதைச்சுப் பாருங்கோ, விட்டு விட்டுக் கேட்டா அந்த வயரை மட்டும் மாத்துங்கோ. இல்லையெண்டா ரிசீவரின்ர மைக். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலக்ரோனிக் பாகம் விக்கிற கடைகளில சின்ன வட்ட மைக்காக் கேளுங்கோ, பழையதையும் கையோட கொண்டு போங்கோ. ப்ளஸ் மைனஸ் மாத்தி ஒட்டினா புது மைக்கும் வேலை செய்யாது, கழட்ட முதல் ஃபோனில ஒரு படம் எடுத்து வச்சிருங்கோ.