மரம் ஏறும் சேடிலின் பிரிட்ஜுக்கு எந்த வளையம்? ஏற்காட்டிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

சேர்வராயன் மலையில் நிழல் மரக் கவாத்து தொடங்கும் காலம் வந்தால் இந்தக் கேள்விகளும் வந்துவிடுகின்றன. காபிக்கு மேலே நிற்கும் சில்வர் ஓக்கில் ஏற முன்பெல்லாம் மூங்கில் ஏணியும் இடுப்பில் ஒரு கயிறும்தான். இப்போது சில எஸ்டேட்களில் முறையான சேடில், அதாவது மரம் ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பெல்ட், வாங்கியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் வாங்கியபின் கூடுதலாக மாட்டும் சாமான்களில்தான் குழப்பம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். சேடிலின் முன்பக்கம், இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு ஒரு துண்டுக் கயிறு தொங்கும். அதுதான் பிரிட்ஜ். அதில் இங்குமங்கும் ஓடும் வளையத்தில்தான் ஏறும் கயிற்றின் கேரபைனர் (பூட்டுள்ள கதவால் திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டப்படுகிறது. பக்கவாட்டுக் கிளையில் நடக்கும்போது வளையம் ஓடிக்கொடுப்பதால் இடுப்பு முறுக்காமல் திரும்பலாம். ஆளின் எடை மொத்தமும் அந்த வளையத்திலும் அந்தத் துண்டுக் கயிற்றிலும்தான் நிற்கிறது.

நாகலூரிலிருந்து ஒரு மேஸ்திரி: சேடிலோடு வந்த அலுமினிய வளையத்தைப் பையன்கள் கழற்றிவிட்டு, கேரபைனரை நேராகப் பிரிட்ஜ் கயிற்றிலேயே மாட்டுகிறார்கள். ஒரு சாமான் மிச்சம் என்கிறார்கள். விடலாமா அண்ணா?

விடாதீர்கள். கேரபைனருக்கு நீளவாக்கில்தான் பலம். அதன் முதுகில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்கு மேல் இருக்கும் (1 கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை), குறுக்குவாட்டில் பெரும்பாலும் 7 அல்லது அதையொட்டித்தான் இருக்கும். கயிற்றில் நேராக ஓடவிட்டால் அது ஓரிடத்தில் நிற்காது. சுழன்று குறுக்காகப் படுக்கும், பிரிட்ஜ் கயிறு பூட்டின் மேல் உரசும். வளையத்துக்குக் கதவும் இல்லை, திசையும் இல்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பலம். அந்த இடத்தில் வளையம் வைத்ததற்குக் காரணமே அதுதான்.

கேரபைனர் மூன்று அசைவில் திறக்கும் தானியங்கிப் பூட்டு உள்ளதாக இருக்கட்டும். திருகுப் பூட்டு மிளகுக் கொடியிலும் பட்டையிலும் உரசி உரசித் தானே கழன்றுகொள்ளும்.

அம்மாபேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்: 304 ஸ்டெயின்லெஸ் ராடை 10 மில்லிமீட்டரில் வளைத்து ஆர்கான் வெல்டிங் வைத்து, பஃப் போட்டுத் தருகிறேன் என்று ஒரு எஸ்டேட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிநாட்டு வளையத்துக்கு இவ்வளவு விலை எதற்கு?

கேட்டதற்கு நன்றி. செய்து கொடுத்தபின் கேட்பவர்கள்தான் அதிகம்.

சேலத்தில் இரும்பு வேலைக்குக் கைகள் குறைவில்லை, உங்கள் வேலையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. உலோகத்தின் கணக்கை மட்டும் போட்டால் நீங்கள் சொல்வது சரி. 10 மில்லிமீட்டர் ராடின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 78 சதுர மில்லிமீட்டர். 304-இன் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டனுக்கு மேல். நேராக இழுத்தால் அந்த ராடு 39 கிலோநியூட்டன்வரை தாங்க வேண்டும். கடையில் வாங்கும் வளையத்தில் 23 அல்லது 25 என்றுதான் எழுதியிருக்கும். அப்படியானால் உங்களுடையதுதான் பலமா?

இல்லை. ராடு அறுவதில்லை, வெல்டு அறுகிறது. உள்ளே முழுதாக உருகிச் சேர்ந்ததா, மேலே மட்டும் ஒட்டியதா என்று வெளியிலிருந்து தெரியாது. பஃப் போட்டபின் சுத்தமாகத் தெரியாது. நல்ல வெல்டும் அரைகுறை வெல்டும் ஒரே பளபளப்பில் நிற்கும். வாங்கும் வளையங்கள் பெரும்பாலும் ஒரே துண்டிலிருந்து அடித்தோ கடைந்தோ எடுத்தவை, ஒட்டு கிடையாது. ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை இழுத்து உடைத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் விலை அந்த உடைத்துப் பார்த்ததற்குத்தான்.

தகட்டிலிருந்து ஒட்டில்லாமல் கடைந்தெடுத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். நிச்சயம் அதைவிட மேல். ஆனால் உடைத்துப் பார்க்காதவரை அதன் பலம் நம் நம்பிக்கை மட்டுமே, அந்த நம்பிக்கையில் இன்னொருவர் மகனைத் தொங்கவிட முடியாது. எஸ்டேட்டுக்கு உங்களால் செய்யக்கூடிய நல்ல வேலை வேறு இருக்கிறது. கைரம்பம் மாட்டும் கொக்கி, தண்ணீர்ப் பை மாட்டும் வளையம், சேடிலைக் காயப்போடும் ஸ்டாண்டு. ஆள் தொங்காத எதையும் தாராளமாகச் செய்து கொடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் சங்கிலி, கப்பி விற்கும் கடையில் 1 டன் என்று அச்சடித்த ஷேக்கிள் (குறுக்கே ஆணி போட்டு மூடும் U வடிவ இரும்பு) இருக்கிறது. 1 டன் என்றால் பத்து ஆளைத் தாங்குமே?

தாங்கும். ஆனால் அந்த 1 டன்னும் வளையத்தில் உள்ள 25 கிலோநியூட்டனும் ஒரே வகைக் கணக்கு இல்லை. ஷேக்கிளில் எழுதியிருப்பது தினசரி வேலைக்கு ஏற்றலாம் என்ற எடை, அது உடையும் அளவு அதைப்போலப் பல மடங்கு. ஆள் மாட்டும் சாமானில் எழுதியிருப்பதோ உடையும் அளவு.

ஷேக்கிள் வேண்டாம் என்பதற்குக் காரணம் பலம் இல்லை, அதன் ஆணி. கயிறு ஓடும் இடத்தில் திருகு ஆணி இருந்தால் அது மெல்லத் திரும்பிக் கழலும். போதாததற்கு எடையும் அதிகம், அடிவயிற்றில் இடிக்கும்.

வளையம் எஃகா, அலுமினியமா? எவ்வளவு பெரிது?

நான் அலுமினியம்தான் மாட்டுகிறேன். ஆனால் உலோகத்தைவிட வளையத்தின் தடிமனை முதலில் பாருங்கள். மெல்லிய வளையத்தில் கயிறு சட்டென்று மடிந்து, அந்த ஒரே இடத்தில் நார் தேயும். உருண்டையான, தடித்த வளையத்தில் அதே கயிறு நிறைய நாள் வரும். வளையமும் கயிறும் ஒன்றையொன்று தேய்க்கும் ஜோடி. இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும், சேர்த்தே பார்க்க வேண்டும். இதை யாரும் கடையில் சொல்வதில்லை.

நம் மலை பாக்சைட் மண். செம்மண் துகள் கயிற்றில் ஏறிவிட்டால் அலுமினியத்தில் பள்ளம் விழும். விரல் நகத்தை உட்புறம் ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினாலோ விளிம்பு கூராகத் தெரிந்தாலோ வளையத்தை ஒதுக்குங்கள், ஏனென்றால் அந்த விளிம்பு அடுத்த கயிற்றை அறுக்கத் தொடங்கும். தினமும் மண்ணில் புரளும் வேலை என்றால் எஃகு வளையம் மேல்.

உள்விட்டம் பிரிட்ஜ் கயிறும் ஒரு கேரபைனரும் நெருக்கமில்லாமல் நுழையும் அளவு போதும். இரண்டு கேரபைனர் மாட்டும் பழக்கம் இருந்தால் மட்டும் பெரிதாக எடுங்கள்.

இன்னொன்று. ஊஞ்சலுக்கும் யோகா துணிக்கும் விற்கும் வளையங்களிலும் 25 என்று அச்சடித்திருப்பார்கள். எண் மட்டும் போதாது. செய்தவர் பெயர், தொகுதி எண் அல்லது வரிசை எண், சிஇ என்ற ஐரோப்பிய முத்திரையோடு நான்கு இலக்க எண், கூடவே அச்சிட்ட கையேடு, இத்தனையும் இருக்க வேண்டும்.

பிரிட்ஜ் கயிறு தேய்ந்துவிட்டது. டைனீமா என்ற செயற்கை நார்க் கயிறு எஃகைவிடப் பலம் என்கிறார்கள். அதைக் கட்டலாமா?

பலம் உண்மைதான். ஆனால் உரசலில் கயிறு சூடேறும், டைனீமா 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே உருகும். நைலானும் பாலியஸ்டரும் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். அதோடு டைனீமா வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நழுவும். பிரிட்ஜின் முனையில் பலருக்கும் நிற்பது ஒரு முடிச்சு மட்டும்தானே?

சேடில் செய்த கம்பெனியே மாற்றுப் பிரிட்ஜ் விற்கிறது என்றால் அதையே வாங்குங்கள். கையேடு கயிறு கட்ட அனுமதித்தால், அதில் சொன்ன தடிமனில், சொன்ன முடிச்சைப் போட்டு, ஆள் தொங்கி இறுக்கி, ஒரு கை அகலத்துக்குக் குறையாமல் வால் விடுங்கள். நடுப்பகுதியில் உறை பிசிறினாலோ, விரலால் மடிக்கும்போது ஓரிடம் தொளதொளவென்று இருந்தாலோ அன்றே மாற்றிவிடுங்கள். சும்மா பெட்டியில் கிடந்தாலும் துணி, கயிறு சாமான்களுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன.

மஞ்சக்குட்டையிலிருந்து: அரை மணி தொங்கினாலே இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் நெரிக்கிறது. சேடில் சரியில்லையா?

சேடிலைக் குறை சொல்வதற்கு முன் பிரிட்ஜை நீளமாக்கிப் பாருங்கள் தம்பி. குட்டையான பிரிட்ஜில் இரண்டு பக்கக் கயிறும் அகலமான கோணத்தில் விரிகின்றன. 80 கிலோ ஆள் தொங்கும்போது, இரண்டு பக்கத்துக்கும் இடைக் கோணம் 60 டிகிரியாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 46 கிலோ இழுக்கும். 120 டிகிரியானால் ஒவ்வொரு பக்கமும் முழு 80 கிலோ. 150 டிகிரியானால் 155 கிலோ. அந்த இழுப்பில் பெரும்பகுதி மேல்நோக்கி இல்லாமல் உள்நோக்கிப் போகிறது, எலும்பை நெரிப்பது அதுதான்.

ஆனால் ஒரேயடியாக நீட்டிவிடவும் வேண்டாம். வளையம் மேலே போனால் பிடிமுடிச்சும் (ஏறும் கயிற்றைக் கவ்விப் பிடித்து ஆளை நிறுத்தும் முடிச்சு) மேலே போகும், கை எட்டாது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முழங்கை மடங்கிய நிலையிலேயே முடிச்சைப் பிடிக்க முடிய வேண்டும்.

ஸ்விவல் (வளையத்துக்கும் கயிற்றுக்கும் இடையே மாட்டும் சுழலும் இணைப்பு) அவசியமா?

பெரிய தலை உள்ள பலாவிலும் அத்தியிலும் சுற்றிச் சுற்றி வேலை செய்பவருக்கு உதவும், கயிறு முறுக்காது. நேராக ஏறி நேராக இறங்கும் சில்வர் ஓக்குக்கு வெறும் வளையம் போதும். ஸ்விவல் சில சென்டிமீட்டர் நீளத்தையும் கூட்டும், மேலே சொன்ன கை எட்டும் கணக்கு மாறும். வாங்கினால் வாரம் ஒருமுறை காதருகே வைத்துச் சுழற்றுங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் உள்ளே மண் போயிருக்கிறது. எஞ்சின் ஆயில் விடாதீர்கள், தூசி அதில்தான் ஒட்டும்.

காபிக்கு போர்டோ கலவை அடித்த மறுநாள் ஏறினோம். சேடிலெல்லாம் நீலமாகிவிட்டது.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் அலுமினியத்துக்கு ஆகாது, காய்ந்த சுண்ணாம்புத் துகள் கயிற்றுக்கும் ஆகாது. நிறையச் சாதாரணத் தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். ப்ளீச்சிங் வேண்டாம், பிரஷர் வாஷர் வேண்டாம். வளையத்தில் வெள்ளைப் பொடி பூத்து, குழி குழியாக அரித்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். அடுத்த முறை மருந்து அடிப்பதற்கு முன்பே கவாத்தை முடித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

வளையம் மரத்திலிருந்து பாறையில் விழுந்துவிட்டது. பார்வைக்கு ஒன்றுமில்லை.

உச்சியிலிருந்து பாறையில் என்றால் மாற்றிவிடுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து மண்ணில் என்றால் துடைத்து, உருட்டி, நகம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

மேட்டூரில் கட்டட வேலைக்கு வாங்கிய முழு உடல் பெல்ட் இருக்கிறது. பக்க வளையங்களில் கயிறு கட்டிப் பிரிட்ஜ் ஆக்கலாமா?

கூடாது. அது விழும் ஆளைத் தடுத்து நிறுத்தச் செய்தது, மணிக்கணக்கில் உட்கார்ந்து தொங்க இல்லை. பக்க வளையங்கள் இருந்தாலும் அவை கம்பத்தைச் சுற்றிக் கட்டிச் சாய்ந்து நிற்பதற்கு.

ஆத்தூரிலிருந்து: நான் தென்னை மட்டும்தான் ஏறுகிறேன். எனக்கு எந்த வளையம் வாங்கலாம் அண்ணா?

எதுவும் வேண்டாம். கிளையில்லாத மரத்தில் பிரிட்ஜுக்கு வேலை குறைவு. அந்தக் காசில் பக்க வளையத்தில் மாட்டி மரத்தைச் சுற்றிப்போடும், நீளம் மாற்றக்கூடிய நல்ல இடுப்புக் கயிறு ஒன்று வாங்குங்கள்.

கைரம்பம் பிரிட்ஜ் மேல் பட்டுவிட்டால்?

இழுவையில் இருக்கும் கயிறு ரம்பப் பல் லேசாகப் பட்டாலே அறும். அதனால் அறுக்கும் நேரத்தில் பிரிட்ஜை மட்டும் நம்பி நிற்காதீர்கள், இடுப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு இரண்டாவது பிடி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ரம்பத்துக்கு அமெரிக்காவின் மர வேலைப் பாதுகாப்புக்கான இசட்133 தரம் இதை விதியாகவே வைத்திருக்கிறது, நான் கைரம்பத்துக்கும் இதையே சொல்கிறேன். அந்த இரண்டாவது பிடி பிரிட்ஜ் வளையத்தில் வேண்டாம், பக்க வளையங்களில் மாட்டுங்கள். பிரிட்ஜே அறுந்தாலும் அது உங்களைப் பிடித்துக்கொள்ளும்.