ஜூனில் போனால் பூ இருக்குமா?

கேள்வி: ஜூன் இரண்டாவது வாரம் குடும்பத்தோடு பத்ரிநாத் போகிறோம். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அப்படியே போகிற வழியில் இருக்கும் மலர்ப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிடலாம் என்கிறான் பையன். விசாரித்தால் எல்லாரும், "ஜூனில் அங்கே என்ன இருக்கு? ஆகஸ்டில் போங்க" என்கிறார்கள். போவது வீண்தானா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போங்கள். காலண்டரில் பார்த்த படத்தை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். மலைச்சரிவு முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடக்கிறதே, அது ஜூலைக் கடைசிக்கு அப்புறம், மழை பிடித்தபின் வருவது. அதில் பெரும்பங்கு நம் காசித்தும்பையின் மலைச் சொந்தக்காரன். நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து நிற்கும்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன், 2016 ஜூனிலும் 2019 ஆகஸ்டிலும். இப்போது இன்னொரு முறை வாய்த்தால் ஜூனில்தான் போவேன். ஆகஸ்டில் நான் பார்த்ததில் பாதி மற்றவர்களுடைய குடை.

அந்தப் பள்ளத்தாக்கு ஒரு தேசியப் பூங்கா. ஜூன் 1-ஆம் தேதிதான் அதையே திறப்பார்கள், அக்டோபர் 31-இல் மூடிவிடுவார்கள். நீங்கள் போகும்போது பாதையின் குறுக்கே ஓரிரண்டு இடத்தில் பனி கிடக்கும். வெள்ளைவெளேர் என்று கற்பனை செய்யாதீர்கள். சருகும் மண்ணும் அப்பி, அழுக்கு மூட்டை மாதிரி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதை 'கிளேசியர்' என்றே சொல்கிறார்கள். வனத்துறை ஆட்கள் அதில் படி வெட்டி வைத்திருப்பார்கள். அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். பனியின் ஓரம் உள்ளே பொள்ளலாக இருக்கும் என்பதால், வெட்டிய படியை விட்டு விலகக் கூடாது.

நான் அப்படி ஒரு பனியைக் கடந்து மண்ணில் கால் வைக்கப் போனபோது வழிகாட்டி, "தீதி, ருக்கியே!" (அக்கா, நில்லுங்கள்!) என்று கத்தினார். பனிதான் உடைகிறது என்று பயந்து ஒற்றைக்காலில் நின்றுவிட்டேன். அவர் காட்டியது என் செருப்புக்கு அடியில் போக இருந்த ஒரு ப்ரிமுலாவை. பென்சில் கனத் தண்டு, அதன் உச்சியில் சின்ன லட்டு அளவுக்கு ஊதா உருண்டை. கிட்டே குனிந்தால்தான் அது ஒரு பூ இல்லை, இருபது முப்பது பூ சேர்ந்தது என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளாக ஒரு புள்ளி. அதற்கும் பனிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். அந்த மலையில் பூத்துக் காய்க்கக் கிடைப்பது மூன்று நான்கு மாதம்தான். அதனால் பல செடிகள் போன வருஷமே மொட்டைக் கட்டிக்கொண்டு பனிக்கு அடியில் காத்திருக்கும், பனி விலகியதும் பூத்துவிடும். ஆகஸ்டில் இந்தப் பூவைத் தேடினாலும் கிடைக்காது.

இன்னும் இருக்கிறது. நீரோடை ஓரத்தில் தேய்த்த பித்தளை மாதிரி மின்னும் மஞ்சள் பூ. பூர்ஜ மர (பிர்ச்) காட்டுக்குள் படம் எடுத்து நிற்கும் நாகப்பூ. அது நம் சேனைக்கிழங்கு, சேம்பு குடும்பம்தான். ஊட்டிப் பக்கம் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசுக்கு அங்கே ஒரு வெளிர்நிறப் பங்காளி உண்டு, அதுவும் ஜூனில்தான்.

இந்த இடத்தை வெளியுலகத்துக்குச் சொன்ன பிராங்க் ஸ்மைத், 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பும் வழியில் மழைக்காலத்தில் இதைப் பார்த்தார். 1937-இல் பூக்களுக்காகவே மறுபடி வந்தபோது ஜூனிலேயே வந்துவிட்டார். ஆகஸ்டே போதும் என்று அவர் நினைக்கவில்லை, பாருங்கள்.

வழி சுலபம். பத்ரிக்குப் போகிற வண்டி கோவிந்த்காட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கே இறங்கி, புல்னா வரை ஜீப்பில் போய், அப்புறம் சுமார் 10 கிலோமீட்டர் ஏறினால் காங்கரியா. ராத்திரி அங்கேதான் தங்க வேண்டும், பள்ளத்தாக்குக்குள் தங்க அனுமதி இல்லை. காலை ஏழு மணிக்கே வாசலில் நில்லுங்கள். மதியத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மேகமும் அந்த நேரத்தில்தான் இறங்கும்.

கேள்வி: மாமியாருக்கு 66 வயது. முழங்கால் வலி உண்டு. குதிரையில் கூட்டிப்போய்விடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காங்கரியா வரை குதிரை உண்டு. பள்ளத்தாக்குக்குள் குதிரை விடுவதில்லை. முதுகில் கூடை கட்டிச் சுமக்கும் 'கண்டி' ஆட்கள் கிடைப்பார்கள். அத்தை அதில் உட்காரச் சம்மதிப்பார்களா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

முழங்காலைவிட எனக்கு மூச்சைப் பற்றித்தான் கவலை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். காங்கரியா 3,000 மீட்டருக்கு மேல். ஒரு ராத்திரியாவது ஜோஷிமட்டில் தங்கி, மெதுவாக ஏற்றுங்கள். இதயக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். தலைவலியோடு வாந்தியும் வந்தால் 'நாளைக்குச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். காங்கரியாவுக்கு மேலே இருக்கும் சீக்கியர் புனிதத்தலமான ஹேம்குண்ட் 4,000 மீட்டருக்கும் மேல், அதை அவர்களுக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் சோறு இல்லாமல் யாருக்கும் ஆகாது.
– வாசகி, மன்னார்குடி

பதில்: சோறு கிடைக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் வடித்தால் நடுவில் அரிசியாகவே இருக்கும். ராஜ்மாவும் பரோட்டாவும் பழகிக்கொள்ளுங்கள். குருத்வாராவில் லங்கர் சாப்பாடு, அதாவது எல்லாருக்கும் போடும் இலவசச் சாப்பாடு, சூடாகப் போடுவார்கள். நான் ஒரு டப்பா புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் நாளே பக்கத்து அறைக்காரர்கள் முடித்துவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் மாடித் தோட்டத்தில் பிரம்ம கமலம் பூக்கிறது. ஹேம்குண்டில் இருப்பதும் இதுதானா? அங்கிருந்து ஒரு செடி கொண்டுவர முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: பேர்தான் ஒன்று. உங்கள் வீட்டில் ராத்திரி பூத்து விடிவதற்குள் தலை தொங்குவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளி வகை. அங்கே இருப்பது சூரியகாந்திக் குடும்பம். காகிதம் மாதிரி வெளிர்மஞ்சள் மடல்கள் கூம்பாக மூடியிருக்க, உள்ளே கருஞ்சிவப்பாகப் பூக்கள் இருக்கும். உத்தரகாண்டின் மாநிலப் பூவும் அதுதான். ஹேம்குண்ட் உயரத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பார்க்கலாம், ஜூனில் இருக்காது.

செடியைப் பிடுங்கிக்கொண்டு வருவது சட்டப்படி குற்றம். வந்தாலும் கோவை வெயிலில் ஒரு வாரம் தாங்காது.